சர்க்கரையை மணலாக்கும் கொடி: சிறுகுறிஞ்சான்

மாணவர்களே, ஜெராமிலோ புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ உள்ள ஒரு தோட்டத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்குப் பல ஆண்டுகளாக இனிப்பு நீர். அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகள் அலமாரியில் இருக்கின்றன. ஒரு நாள் யாரோ கிள்ளான் கடையிலிருந்து பச்சை நிறப் பொடி ஒரு பொட்டலம் வாங்கி வந்து கொடுக்கிறார். தாத்தா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துச் சர்க்கரை போட்ட தேநீரைக் குடித்துப் பார்க்கிறார். இனிப்பே தெரியவில்லை. "பார்த்தாயா, சர்க்கரையையே கொன்றுவிட்டது. இனிமேல் மாத்திரை எதற்கு?" என்கிறார்.

தாத்தா பார்த்தது பொய்யில்லை. அவருடைய நாக்கில் இனிப்பு உண்மையிலேயே மறைந்துபோனது. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு சரியா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல அந்தப் பச்சைப் பொடி எந்தச் செடியிலிருந்து வந்தது, அது நாக்கில் என்ன செய்கிறது, இரத்தத்தில் என்ன செய்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பெயரும் குடும்பமும்

அந்தச் செடியின் பெயர் சிறுகுறிஞ்சான். தமிழில் இதற்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் ஒரு பெயர் உண்டு. இந்தியில் குட்மார் அல்லது குர்மார் என்பார்கள். அதற்கும் 'வெல்லத்தைக் கொல்வது' என்றே பொருள். தாவரவியல் பெயர் ஜிம்னேமா சில்வெஸ்ட்ரே. முதல் சொல் கிரேக்க மொழியில் 'வெற்று இழை' என்று பொருள்படும். இரண்டாவது சொல் லத்தீன். 'காட்டில் வளர்வது' என்று பொருள்.

இது அப்போசினேசி என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. பாலூறும் செடிகள் நிறைந்த குடும்பம் இது. கோயில் வாசலில் பார்க்கும் எருக்கு, அரளி, வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணி எல்லாம் இதன் உறவுகள். நம் தாத்தா பாட்டிகள் சீவிய பால்மரமும் இந்தக் குடும்பம்தானா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ரப்பர் மரம் யூபோர்பியேசி என்னும் வேறொரு குடும்பம். செடிகளில் பால் ஊறும் தன்மை ஒரே குடும்பத்தில் மட்டும் தோன்றியதல்ல. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல குடும்பங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. பூச்சி கடித்தவுடன் பிசுபிசுப்பான பால் வெளியே வந்து அதன் வாயை ஒட்டிவிடும், காயத்தையும் மூடிவிடும். செடிக்கு அது ஒரு காவல்.

பெயரில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. 'குறிஞ்சா', 'குறிஞ்சான்' என்ற பெயர் ஊருக்கு ஊர் வெவ்வேறு கொடிகளைக் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் குறிஞ்சா இலையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ சேர்த்து வறை செய்வார்கள். பெருங்குறிஞ்சான் என்று இன்னொரு கொடியும் உண்டு. பேச்சு வழக்கில் ஒரே பெயர் பல செடிகளுக்கு இருப்பதால்தான் அறிவியலில் இரட்டைப் பெயர் முறை தேவைப்படுகிறது. அரளி போன்ற கொடிய நச்சுச் செடிகளும் இதே குடும்பத்தில் இருப்பதால், 'பார்ப்பதற்கு அது மாதிரி இருக்கிறது' என்று எந்தக் கொடியின் இலையையும் வாயில் போடக் கூடாது.

செடியை அடையாளம் காண்பது எப்படி?

சிறுகுறிஞ்சான் பல ஆண்டுகள் வாழும் கொடி. இளமையில் மெல்லியதாக இருக்கும் தண்டு, வயதாக வயதாக மரத்தன்மை அடையும். பக்கத்தில் உள்ள மரத்தையோ வேலியையோ சுற்றிக்கொண்டு ஏறும். தமிழ்நாடு உட்பட இந்தியாவின் வெப்பமான பகுதிகளிலும் இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவின் சில இடங்களிலும் இது இயற்கையாக வளர்கிறது.

இலை: தண்டின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும். முட்டை வடிவம், நுனி கூர்மை. நீளம் பெரும்பாலும் 3 முதல் 6 சென்டிமீட்டர். தொட்டால் மென்மையான ரோமம் தெரியும்.

பூ: இலைக்காம்பின் பக்கத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் கொத்தாகப் பூக்கும். ஒவ்வொன்றும் சிறு மணி போல இருக்கும். இந்தப் பூவின் மகரந்தம் தூளாக உதிராது. மெழுகு போன்ற சிறு பொட்டலங்களாகத் திரண்டிருக்கும். பூச்சியின் உடலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். ஆர்க்கிட் பூக்களிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு.

காய்: நீண்டு, நுனி கூராக முடியும். முற்றியதும் ஒரு பக்கமாக வெடிக்கும். உள்ளே தட்டையான விதைகள். ஒவ்வொரு விதையின் நுனியிலும் பட்டு போன்ற வெள்ளை இழைக்கற்றை இருக்கும். காற்று அடித்தால் விதை பறந்து போகும். எருக்கங்காய் வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

உதகமண்டலத்தில் நடந்த சோதனை

இலையை மென்றால் இனிப்புத் தெரியாது என்பதை நம் முன்னோர் வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். செடியின் பெயரே அதற்குச் சாட்சி. 1847இல் எட்ஜ்வொர்த் என்பவர், இந்தியாவில் தாம் கண்ட இந்த விந்தையை லண்டன் லின்னேயன் சங்கத்துக்குத் தெரிவித்தார். இலையை மென்ற பிறகு தேநீரில் இருந்த சர்க்கரையின் சுவை அவருக்குத் தெரியாமல் போனது.

அடுத்த முக்கியமான படி தமிழ்நாட்டில் நடந்தது. டேவிட் ஹூப்பர் என்னும் வேதியியலாளர் உதகமண்டலத்தில் அரசாங்கப் பணியில் இருந்தார். மலேரியா மருந்தான கொய்னாவை ஆராய்வது அவருடைய வேலை. அவர் இந்த இலையைத் தாமே மென்று பார்த்தார். சர்க்கரைத் தூள் வாயில் மணல் போல இருந்தது. இஞ்சி ரொட்டியில் இஞ்சியின் காரம் மட்டும் தெரிந்தது. மீதி சுவையற்ற மாவு. இனிப்பான ஆரஞ்சுப் பழம் எலுமிச்சை போலப் புளித்தது. 1887இல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். இலையிலிருந்து அவர் பிரித்தெடுத்த பொருளுக்கு ஜிம்னேமிக் அமிலம் என்ற பெயர் ஏற்பட்டது. அது ஒரே பொருள் இல்லை, சபோனின் வகையைச் சேர்ந்த பல பொருள்களின் தொகுதி என்று பிற்காலத்தில் தெரியவந்தது.

ஹூப்பர் செய்ததைக் கவனியுங்கள். இனிப்பு, காரம், புளிப்பு என்று ஒவ்வொரு சுவையாகப் பிரித்துச் சோதித்தார். அதனால்தான் 'நாக்கு மரத்துப்போகிறது' என்ற தவறான முடிவுக்கு அவர் வரவில்லை. இனிப்பு தடைபட்டாலும் காரமும் புளிப்பும் மறையவில்லை என்று தெளிவாகச் சொல்ல முடிந்தது.

நாக்கில் நடப்பது என்ன?

நாக்கில் சுவை மொட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மொட்டிலும் பல செல்கள். இனிப்பை உணரும் செல்களின் மேற்பரப்பில் ஒரு புரத ஏற்பி உண்டு. டி1ஆர்2, டி1ஆர்3 என்னும் இரண்டு புரதங்கள் சேர்ந்து அந்த ஏற்பியை உருவாக்குகின்றன. சர்க்கரை மூலக்கூறு அதில் பொருந்தும்போது செல் தூண்டப்படுகிறது. நரம்பு வழியாக 'இனிப்பு' என்ற செய்தி மூளைக்குப் போகிறது. பூனைகளில் இந்த இரண்டு புரதங்களில் டி1ஆர்2 உருவாவதில்லை. அதனால் பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது.

ஜிம்னேமிக் அமிலம் என்ன செய்கிறது? மனித ஏற்பியின் டி1ஆர்3 பகுதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் இதை விளக்கினார்கள். அது ஒட்டியிருக்கும் வரை சர்க்கரை வந்தாலும் ஏற்பி செயல்படாது. செயற்கை இனிப்பூட்டிகளும் இதே ஏற்பியைத்தான் நம்பியிருக்கின்றன; ஆகவே அவற்றின் இனிப்பும் தெரியாது. உப்பும் புளிப்பும் வேறு ஏற்பிகள் வழியாக உணரப்படுவதால் அவை அப்படியே இருக்கும். பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அமிலம் மெல்ல விலகிவிடும். இனிப்பு திரும்பி வந்துவிடும்.

செடிக்கு இதனால் என்ன லாபம்? நமக்காக அது இந்த அமிலத்தைச் செய்யவில்லை. ஜிம்னேமிக் அமிலம் தடவிய உணவைச் சில புழுக்கள் தின்னாமல் ஒதுங்குவதை 1974இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பாலைப் போலவே இதுவும் ஒரு காவல் ஏற்பாடாக இருக்கலாம்.

செய்து பாருங்கள்

ஆசிரியரோ பெற்றோரோ உடனிருக்க இந்தச் சோதனையைச் செய்யலாம். இலை வேண்டாம்; முறையாகப் பதிவு செய்து விற்கப்படும் சிறுகுறிஞ்சான் பொடி போதும். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் வேறு நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் இதில் சேர வேண்டாம்.

1. சர்க்கரை, உப்பு, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை கலந்த மைலோ ஆகியவற்றைச் சிறிய கிண்ணங்களில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் சுவைத்து, சுவையின் அளவுக்கு 0 முதல் 5 வரை புள்ளி கொடுங்கள். ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளியுங்கள்.

2. பொடியில் கால் தேக்கரண்டியை வெதுவெதுப்பான நீரில் கலந்து வடிகட்டுங்கள். அந்த நீரை வாயில் ஒரு நிமிடம் வைத்திருந்து துப்பிவிடுங்கள். விழுங்க வேண்டாம். பிறகு வாயைக் கொப்பளியுங்கள்.

3. முதலில் சுவைத்தவற்றை மீண்டும் சுவைத்துப் புள்ளி கொடுங்கள். மைலோவில் இனிப்பு போய்க் கொக்கோவின் கசப்பு மட்டும் மிஞ்சுவதைக் கவனியுங்கள்.

4. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சர்க்கரையை மட்டும் சுவைத்து, இனிப்பு எப்போது திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை வரைபடமாக வரையுங்கள்.

இங்கே தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, கட்டுப்படுத்த வேண்டிய மாறிகள் எவை? வெறும் வெதுவெதுப்பான நீரைக் கொப்பளித்துவிட்டு இதே சோதனையைச் செய்யும் இன்னொரு குழு ஏன் தேவை? உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

இப்போது தாத்தாவின் கேள்விக்கு வருவோம்

மைலோவில் இனிப்புத் தெரியவில்லை. ஆனால் கிண்ணத்திலிருந்த சர்க்கரை எங்கேயும் போகவில்லை. ஒரு தேக்கரண்டி போட்டிருந்தால் அந்த ஒரு தேக்கரண்டியும் அப்படியே இருக்கிறது. விழுங்கினால் அது குடலுக்குப் போகும், செரிக்கும், குளுகோஸாக இரத்தத்தில் சேரும். நாக்கு சொல்வது ஓர் உணர்வு. இரத்தத்தில் உள்ள குளுகோஸ் ஓர் அளவு. அளவைத் தெரிந்துகொள்ள அளவுகோல்தான் வேண்டும்.

அதற்கு இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்ப்பது அந்த நேரத்து அளவைக் காட்டும். கிளினிக்கில் எடுக்கும் எச்பிஏ1சி சோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அந்தக் காலம் முழுவதும் குளுகோஸ் மெல்ல மெல்ல அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே இருக்கும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் சராசரி தெரிந்துவிடும்.

அப்படியானால் சிறுகுறிஞ்சான் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கவே குறைக்காதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. விலங்குகளிலும் ஆய்வுக்கூடச் செல்களிலும் நடந்த சோதனைகளில், இலையின் சாறு குடலில் குளுகோஸ் உறிஞ்சப்படுவதைக் குறைக்கலாம், இன்சுலின் சுரப்பைத் தூண்டலாம் என்பதற்கான குறிகள் தெரிந்தன. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் பெரிதும் பேசப்படுவது சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேர், தங்கள் வழக்கமான மாத்திரையுடன் நாளுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாற்றுப் பொடியை 18 முதல் 20 மாதம் வரை எடுத்தார்கள். அவர்களுடைய இரத்தச் சர்க்கரை குறைந்தது. மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. ஐந்து பேர் மாத்திரையை நிறுத்தும் நிலைக்கும் வந்தார்கள்.

நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் ஓர் ஆய்வைப் படிக்கும்போது மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. எத்தனை பேர்? இருபத்திரண்டு பேர் மிகக் குறைவு. யாருக்கு இலைச்சாறு, யாருக்கு வெறும் பொடி என்று குலுக்கல் முறையில் பிரித்தார்களா? இல்லை. யார் எதை எடுக்கிறார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி மறைத்தார்களா? இல்லை. ஆய்வில் சேர்ந்தவர் உணவிலும் கூடுதல் கவனமாக இருந்திருக்கலாம் அல்லவா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தரும் பெரிய ஆய்வுகள் இல்லாமல் இதை மாத்திரைக்கு மாற்று என்று சொல்ல முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆய்விலும் மாத்திரையைக் குறைத்தது அளந்து பார்த்த பிறகுதான். தாத்தா குறைக்க நினைத்தது தேநீரைச் சுவைத்துப் பார்த்து.

இலையிலிருந்து மாத்திரை வரை

தாத்தாவின் அலமாரியில் இருக்கும் மாத்திரை பெரும்பாலும் மெட்ஃபார்மினாக இருக்கும். உலகில் மிகுதியாகக் கொடுக்கப்படும் நீரிழிவு மருந்து அது. அதன் வரலாறும் ஒரு செடியிலிருந்துதான் தொடங்குகிறது. ஐரோப்பாவில் கலேகா என்னும் செடியை நாட்டு மருந்தாகப் பயன்படுத்தினார்கள். அதில் இருந்த கலேகின் என்னும் பொருள் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் நச்சுத்தன்மை இருந்தது. அதே வகையைச் சேர்ந்த மெட்ஃபார்மின் 1922இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்னும் மருத்துவர் 1957இல்தான் அதை நீரிழிவுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் பிறகு பல ஆண்டு ஆய்வில் தெளிவாயின. ஆகவே 'செடி மருந்து', 'ஆங்கில மருந்து' என்று இரண்டு எதிரிகள் இல்லை. சோதித்து அளவு கண்டுபிடித்த பொருள் ஒன்று. இன்னும் சோதித்து முடிக்காத பொருள் மற்றொன்று.

சோதித்து முடிக்காததில் என்ன ஆபத்து? முதலாவது, மாத்திரையுடன் இதையும் எடுத்தால் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரலாம். இரண்டாவது, அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்படலாம். சிறுகுறிஞ்சான் எடுத்த ஒருவருக்கு அப்படி நேர்ந்ததை 2010இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. மூன்றாவதுதான் மிகப் பெரியது: மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்புவது. உயர்ந்த சர்க்கரை பல நேரம் வலி தராது. தெரியாமலே கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவற்றைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பத்துப் பெரியவர்களை ஓரிடத்தில் நிறுத்தினால் மூவருக்கு. அதனால்தான் நம் வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் 'சர்க்கரையை வேரோடு ஒழிக்கும் மூலிகை' என்று அடிக்கடி செய்தி வருகிறது. மலேசியாவில் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரம், விற்பனைச் சட்டப்படி நீரிழிவைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வது குற்றம். பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் பெட்டியில் 'மால்' என்று தொடங்கி 'டி' என்ற எழுத்தில் முடியும் எண் இருக்கும். அந்த எண் இல்லாத பொட்டலத்தை வாங்கக் கூடாது.

வளர்க்க விரும்பினால்

பள்ளித் தோட்டத்தில் அடையாளம் கண்டு படிக்க இது நல்ல செடி. இந்தியாவிலிருந்து வரும் உறவினரிடம் 'ஒரு குச்சி கொண்டு வாங்க' என்று சொல்லிவிடாதீர்கள். இறக்குமதி அனுமதி இல்லாமல் செடி, விதை கொண்டுவருவது சட்டப்படி குற்றம். நோயும் பூச்சியும் அதனுடன் வந்து நம் பயிரைக் கெடுக்கலாம். உள்ளூர் மூலிகை நாற்றங்காலில், செடியின் தாவரவியல் பெயரைக் கேட்டு உறுதி செய்து வாங்குங்கள்.

விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும். எனவே தண்டுக் குச்சியே மேல். ஓராண்டுக்கு மேற்பட்ட கொடியிலிருந்து மூன்று நான்கு கணு உள்ள துண்டை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி பையில் நட்டு நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும்; சேறாக இருக்கக் கூடாது. நன்றாக வேர் பிடித்துப் புதுத் துளிர் விட்ட பிறகு இடம் மாற்றலாம்.

நம் வட்டாரத்தில் கவனிக்க வேண்டியது நீர். கோலசிலாங்கூர் கரையோர மண் கனமான களிமண். மழை நாளில் தண்ணீர் தேங்கும். செம்பனை தாங்கும், சிறுகுறிஞ்சான் வேர் அழுகிவிடும். ஆகவே மேட்டுப்பாத்தி போடுங்கள், அல்லது அடியில் துளையுள்ள பெரிய தொட்டியில் மணலும் மக்கிய உரமும் கலந்த மண்ணில் நடுங்கள். ஏறிப் படர ஆள் உயரக் கம்பிப் பந்தலோ வேலியோ வேண்டும். இளந்துளிரில் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் போதும்.

மூலிகைப் பயிராக வளர்ப்பவர்கள் கொடி நன்றாக வளர்ந்து பூக்கும் பருவத்தில் இலையைப் பறிப்பார்கள். வெயிலில் போடாமல் நிழலில் பரப்பி உலர்த்துவார்கள். காற்றுப் புகாத பெட்டியில் வைப்பார்கள். கொடியை வேரோடு பிடுங்காமல் இலையை மட்டும் பறித்தால் அது மீண்டும் தளிர்க்கும்.

வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியது

அடுத்த முறை தாத்தாவோ பாட்டியோ பச்சைப் பொடியைக் கையில் எடுத்தால் சண்டை போட வேண்டாம். "தாத்தா, இனிப்பு மறைந்தது நாக்கில். இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அளந்து பார்ப்போமா?" என்று கேளுங்கள். குளுக்கோமீட்டர் இருந்தால் நீங்களே எழுதி வையுங்கள்: நாள், நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, அளவு. அந்தத் தாளையும் பொடிப் பெட்டியையும் அடுத்த கிளினிக் நாளில் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பொடி எடுப்பதை மறைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

சிந்திக்க

1. சிறுகுறிஞ்சான் நீரைக் கொப்பளித்த பிறகு செயற்கை இனிப்பூட்டியின் சுவையும் தெரியாமல் போவது ஏன்?
2. ரப்பர் மரத்திலும் எருக்கிலும் பால் ஊறுகிறது. இவை ஒரே குடும்பம் என்று சொல்லலாமா? காரணம் கூறுக.
3. ஒரு மூலிகை இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறதா என்று அறிய நீங்கள் ஓர் ஆய்வு நடத்தினால் அதை எப்படி அமைப்பீர்கள்? எத்தனை பேர், எந்த அளவுகோல், எவ்வளவு காலம் என்று எழுதுங்கள்.